சுரங்கச் சட்டத்தை எதிர்த்து நீதிமன்றம் போவது எப்படி? ஊர் மக்களுக்கான முழுமையான வழிகாட்டி

2024 நவம்பர் 7 அன்று மதுரை மாவட்டம் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதியின் ஏல முடிவு வெளியானது. பரப்பு 2,015.51 ஹெக்டேர். பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசே அறிவித்த அரிட்டாபட்டிப் பகுதியும் அதற்குள் வந்தது. கிராம சபைகள் தீர்மானம் போட்டன. மேலூர் வட்டார மக்கள் மதுரைக்குப் பேரணியாகப் போனார்கள். டிசம்பர் 9 அன்று சட்டமன்றமும் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

அது மக்களின் வெற்றி, சந்தேகமே இல்லை. ஆனால் அந்த ஏலத்தை நடத்த வழிவிட்ட சட்டப் பிரிவு அப்படியே இருக்கிறது. டங்ஸ்டன், லித்தியம் போன்ற முக்கியக் கனிமங்களை மாநில அரசுக்குப் பதிலாக மத்திய அரசே ஏலம் விடலாம் என்ற 11டி பிரிவு, 2023இல் சுரங்கங்கள், கனிமங்கள் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. ஒரு ஏலத்தைப் போராட்டம் நிறுத்தலாம். சட்டப் பிரிவு போக வேண்டுமென்றால் நாடாளுமன்றம் மாற்ற வேண்டும், இல்லையென்றால் உயர் நீதிமன்றமோ உச்ச நீதிமன்றமோ அது அரசியலமைப்புக்கு முரணானது என்று அறிவிக்க வேண்டும். சாதாரணக் குடிமக்கள் இரண்டாவது வழியில் போக என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். வக்கீல் இல்லாமல் இந்த வழக்கை நடத்தவே கூடாது. ஆனால் வக்கீலிடம் போகும்போது ஊர்க்காரர்களுக்கு விவரம் தெரிந்திருந்தால் வழக்கின் தரமே மாறிவிடும்.

முதல் படி: எந்தக் காகிதத்தை எதிர்க்கிறீர்கள்?

பெரும்பாலான வழக்குகள் தோற்பது இங்கேதான். "சுரங்கச் சட்டமே தப்பு" என்று மனு போட்டால் நீதிபதி கேட்கும் முதல் கேள்வி, "எந்தப் பிரிவு?" என்பதாக இருக்கும். எனவே உங்கள் ஊரைத் தொட்ட உத்தரவிலிருந்து மேல்நோக்கி ஏறிப் போங்கள். கலெக்டரின் உத்தரவோ ஏல அறிவிக்கையோ கையில் இருந்தால், அதன் முதல் பத்தியிலேயே எந்த விதியின் கீழ், எந்தப் பிரிவின் கீழ் அது போடப்பட்டது என்று எழுதியிருக்கும். அந்த விதி எந்தச் சட்டத்தின் கீழ் வந்தது, அந்தச் சட்டம் எந்த அதிகாரத்தில் இயற்றப்பட்டது என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

மேலே இருப்பது 1957ஆம் ஆண்டின் சுரங்கங்கள், கனிமங்கள் (மேம்பாடு, ஒழுங்குமுறை) சட்டம். அதற்குக் கீழே விதிகள், விதிகளுக்குக் கீழே அரசிதழ் அறிவிக்கைகள், அதற்கும் கீழே அமைச்சகத்தின் அலுவலகக் குறிப்பாணைகள். கருங்கல், கிராவல், ஆற்று மணல் போன்றவை சிறு கனிமங்கள். அவற்றுக்கான விதிகளைச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி மாநில அரசே போடுகிறது. ஆகவே கல்குவாரிப் பிரச்சினை என்றால் உங்கள் இலக்கு பெரும்பாலும் தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகள், 1959ஆக இருக்கும். டெல்லிச் சட்டத்தை எதிர்த்துப் போவது வீண் அலைச்சல்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். உங்களைப் பாதிப்பது எதுவோ, அதில் கீழ்மட்டத்தில் இருக்கும் காகிதத்தை முதலில் குறிவையுங்கள். நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் செல்லும் என்ற அனுமானத்தோடுதான் நீதிமன்றம் வழக்கை எடுக்கிறது. அதை உடைக்கும் பாரம் முழுக்க உங்கள் தலையில். அறிவிக்கைக்கும் குறிப்பாணைக்கும் அந்த அளவு கவசம் கிடையாது. தாய்ச் சட்டத்தை மீறியது, நடைமுறையைப் பின்பற்றவில்லை, காரணம் சொல்லவில்லை என்று எதிலும் அவை விழலாம்.

இதற்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. 2020 மார்ச் 28 அன்று, ஊரடங்கு தொடங்கிய நான்காம் நாளில், மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு அறிவிக்கை வெளியிட்டது. சாலை, குழாய்ப்பாதை போன்ற நீளவாக்குத் திட்டங்களுக்குச் சாதாரண மண் எடுக்கச் சுற்றுச்சூழல் அனுமதியே வேண்டாம் என்று அதில் ஒரு வரி இருந்தது. கேரளத்தைச் சேர்ந்த ஒருவர் அதை எதிர்த்து, சுற்றுச்சூழல் வழக்குகளைப் பார்க்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் போய், அங்கிருந்து உச்ச நீதிமன்றம் போனார். 2024 மார்ச் 21 அன்று தீர்ப்பு வந்தது, அந்த விலக்கு ரத்து. நீதிமன்றம் பார்த்த விஷயங்களைக் கவனியுங்கள். எவ்வளவு மண் எடுக்கலாம் என்ற வரம்பு இல்லை. 'நீளவாக்குத் திட்டம்' என்றால் என்ன என்ற விளக்கம் இல்லை. பொதுமக்களிடம் ஆட்சேபணை கேட்காமல் விட்டதற்குச் சரியான காரணம் இல்லை. வேலையே நடக்காத ஊரடங்கு நேரத்தில் என்ன அவசரம் என்பதற்கும் பதில் இல்லை. ஆக, தன்னிச்சையானது, சமத்துவம் சொல்லும் அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புக்கு முரணானது என்று முடிந்தது. சட்டத்தின் ஒரு வார்த்தையைக்கூடத் தொடாமல், நாடு முழுக்கப் பலன் தரும் தீர்ப்பு கிடைத்தது.

இதே கண்ணோடு அதே அமைச்சகத்தின் 2025 செப்டம்பர் 8ஆம் தேதிக் குறிப்பாணையைப் படித்துப் பாருங்கள். அணுக் கனிமங்கள், முக்கியக் கனிமங்கள் தோண்டும் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் வேண்டாம் என்கிறது அது. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் நாட்டின் பாதுகாப்பு போன்ற காரணங்களுக்கு ஒரு விலக்கு உண்டு. அந்த விலக்கை இவ்வளவு தூரம் இழுக்க ஒரு குறிப்பாணைக்கு அதிகாரம் இருக்கிறதா என்ற கேள்வி நியாயமானது. கன்னியாகுமரிக் கடற்கரையில் மணல் கனிமத்துக்கு அருகே வாழ்பவர்களுக்கு இது ஏட்டுக் கேள்வி இல்லை.

ஒன்பதாவது அட்டவணை பற்றி ஒரு வார்த்தை

1957ஆம் ஆண்டுச் சட்டம் அரசியலமைப்பின் 9ஆவது அட்டவணையில் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. அடிப்படை உரிமைகளை மீறுகிறது என்று கேள்வி கேட்க முடியாதபடி சட்டங்களைப் பாதுகாக்கும் பெட்டகம் அது. 1975இல் 39ஆவது திருத்தம் வழியாக இந்தச் சட்டம் அதற்குள் போனது. அரசுத் தரப்பு இதை எழுப்பினால் பயந்துவிட வேண்டாம், இரண்டு பதில்கள் உண்டு. ஒன்று, 1973 ஏப்ரல் 24க்குப் பிறகு அட்டவணையில் சேர்ந்தவற்றை அடிப்படைக் கட்டமைப்பு (நாடாளுமன்றமே நினைத்தாலும் மாற்ற முடியாத அரசியலமைப்பின் அடித்தளக் கூறுகள்) என்ற உரைகல்லில் சோதிக்கலாம் என்று 2007இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. நீலகிரி கூடலூர் ஜன்ம நிலங்கள் (பரம்பரை உடைமை நிலங்கள்) சட்டத்திலிருந்து கிளம்பிய வழக்கு அது. இரண்டு, அட்டவணையில் சேர்ந்த பிறகு செய்த திருத்தங்களுக்கு அந்தப் பாதுகாப்பு தானாக ஒட்டிக்கொள்ளாது. 2015, 2021, 2023 திருத்தங்கள் எல்லாம் வெளியேதான் நிற்கின்றன.

இரண்டாம் படி: எந்த நீதிமன்றம்?

பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை ரத்து செய்யலாம். ஆனால் ஒரு சட்டமோ விதியோ அரசியலமைப்புக்கு முரணானது என்று அறிவிக்க அதற்கு அதிகாரம் இல்லை. அந்த அதிகாரம் 226ஆம் உறுப்பின்படி உயர் நீதிமன்றத்துக்கும், 32ஆம் உறுப்பின்படி உச்ச நீதிமன்றத்துக்கும்தான் உண்டு.

நேராக டெல்லிக்குப் போக வேண்டும் என்று பலர் துடிப்பார்கள். நான் உயர் நீதிமன்றத்தைத்தான் சொல்வேன். 32ஆம் உறுப்பு அடிப்படை உரிமை மீறலுக்கு மட்டுமே. 226 அதைவிட அகலமானது. செலவு குறைவு, ஊர்க்காரர்கள் வந்து போகலாம், தோற்றால் மேலே போக இன்னொரு வாய்ப்பும் மிச்சமிருக்கும். "மத்தியச் சட்டத்தை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை எப்படி ரத்து செய்யும்?" என்று கேட்பார்கள். செய்யலாம். மத்தியச் சட்டம் செல்லாது என்று ஒரு உயர் நீதிமன்றம் சொன்னால், அந்தச் சட்டம் அமலில் உள்ள இடமெங்கும் அது பொருந்தும் என்று குசும் இங்காட்ஸ் வழக்கில் 2004இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

அதே தீர்ப்பில் இன்னொரு விஷயமும் உண்டு. ஒரு சட்டம் இயற்றப்பட்டதாலேயே வழக்குக்கான காரணம் பிறந்துவிடாது, அது உங்கள்மீது பாய்ந்திருக்க வேண்டும். ஏல அறிவிக்கையில் உங்கள் ஊர் எல்லை, உங்கள் பட்டா நிலத்துக்கு வந்த நோட்டீஸ் என்று ஏதாவது ஒன்று கையில் இருக்க வேண்டும்.

கால வரம்பில் கோட்டை விடாதீர்கள். ரிட் மனுவுக்கு, அதாவது 226, 32ஆம் உறுப்புகளின்படி போடும் மனுவுக்கு, நாள் கணக்கு கிடையாது என்றாலும், தாமதம் கேள்வியாக வரும். சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்துப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள்தான், தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 60 நாள். அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கிடைக்காது. சட்டத்தை எதிர்க்கும் ஆர்வத்தில் அனுமதியை எதிர்க்கும் நாளைத் தவறவிட்டால், சுரங்கம் ஓடிக்கொண்டிருக்கும்போது நீங்கள் வாதாடிக்கொண்டிருப்பீர்கள்.

மூன்றாம் படி: யார் பெயரில்?

பொதுநல வழக்காகப் போடலாம், பாதிக்கப்பட்டவர் தன் பெயரில் சாதாரண ரிட் மனுவாகவும் போடலாம். நிலம், கிணறு, மேய்ச்சல் என்று நேரடி இழப்பு உள்ள ஒருவர் முன்வந்தால் அதுவே பலம். பொதுநல வழக்கு என்றால் மனுதாரரின் பின்புலத்தைத் துருவுவார்கள். சொந்த லாபம் இல்லை, சொந்தச் செலவில் வந்திருக்கிறேன், இதே விஷயத்தில் வேறு வழக்கு போடவில்லை என்றெல்லாம் பிரமாண வாக்குமூலத்தில் சொல்ல வேண்டும். போட்டிக் குவாரிக்காரரின் ஆள் என்ற சந்தேகம் துளி எழுந்தாலும் வழக்கு கெட்டுப்போகும். ஆகவே யார் பணம் தருகிறார்கள் என்பதை ஊர்க் கூட்டத்திலேயே வெளிப்படையாக எழுதி வையுங்கள்.

பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 12ஆம் பிரிவு. உயர் நீதிமன்ற சட்டப் பணிகள் குழுவில் விண்ணப்பித்தால் போதும்.

நான்காம் படி: காகிதங்கள்

பட்டா, சிட்டா, அடங்கல், அ-பதிவேடு, புலப்பட நகல் ஆகியவற்றை வி.ஏ.ஓ. அலுவலகத்திலும் தாலுகா அலுவலகத்திலும் வாங்குங்கள். ஏலத் தொகுதியின் எல்லைப் புள்ளிகளை வருவாய் வரைபடத்தோடு ஒப்பிட்டு, எந்தெந்த சர்வே எண்கள் உள்ளே வருகின்றன என்று ஒரு பட்டியல் போடுங்கள். கண்மாய், ஓடை, கோயில், சமணர் குகை, மயானம் எதுவாக இருந்தாலும் சர்வே எண்ணோடு குறியுங்கள். "எங்கள் ஊர் அழியும்" என்ற வரியைவிட, "சர்வே எண் இன்னது, நீர்நிலைப் புறம்போக்கு, தொகுதிக்குள் வருகிறது" என்ற வரிக்கு நீதிமன்றத்தில் நூறு மடங்கு மதிப்பு.

அப்புறம் தகவல் உரிமை மனு. பத்து ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில் வர வேண்டும். "சுரங்கம் வருமா?" என்று கேட்காதீர்கள். கோப்புக் குறிப்புகளின் நகல், மாநில அரசு எழுதிய கடிதங்கள், புவியியல் ஆய்வறிக்கை, கருத்துக் கேட்பை விலக்கியதற்கான காரணம் பதிவான பக்கம் என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். "அப்படி ஒரு ஆவணம் இல்லை" என்று பதில் வந்தால் அதுவும் உங்களுக்கு ஆதாரம்தான். யோசிக்காமல் முடிவெடுத்தார்கள் என்பதைக் காட்ட அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

கிராம சபைத் தீர்மானம் கட்டாயம் வேண்டும். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆறு நாள்கள் கூட்டம் நடக்கிறது. தீர்மானம் வருகைப் பதிவேட்டோடு, எண்ணோடு, தலைவரின் கையெழுத்தோடு இருக்க வேண்டும். ஒடிசாவின் நியாம்கிரியில் 2013இல் உச்ச நீதிமன்றம் முடிவைக் கிராம சபைகளிடமே விட்டது. பன்னிரண்டு கிராம சபைகளும் பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்று சொல்ல, திட்டம் நின்றது. ஆனால் அதன் வேர் வன உரிமைச் சட்டத்திலும், பழங்குடிப் பகுதிகளுக்கான அரசியலமைப்பின் ஐந்தாவது அட்டவணையிலும் இருந்தது. மற்ற இடங்களில் தீர்மானம் அரசைச் சட்டப்படிக் கட்டுப்படுத்தாது, அங்கே அது ஒரு வலுவான சான்று மட்டுமே.

ஐந்தாம் படி: வாதம் எங்கே நிற்கும்?

ஒரு சட்டத்தை வீழ்த்தப் பிரதானமாக இரண்டு வழிகள். இயற்றியவருக்கு அதிகாரம் இல்லை என்று காட்டுவது, அல்லது அரசியலமைப்பு தந்த உரிமையை அது மீறுகிறது என்று காட்டுவது.

முதல் வழி நம் ஊரில் எல்லோருக்கும் பிடித்தது, "மாநில உரிமை" என்ற சொல் உடனே மனத்தில் ஒட்டும். ஆனால் நிலைமை இதுதான்: மத்தியும் மாநிலமும் எதில் சட்டம் இயற்றலாம் என்று அரசியலமைப்பில் பட்டியல்கள் உண்டு. மாநிலப் பட்டியலின் 23ஆம் இனம் சுரங்க ஒழுங்குமுறையை மாநிலத்துக்குத் தருகிறது, மத்தியப் பட்டியலின் 54ஆம் இனத்துக்கு உட்பட்டுத்தான் தருகிறது. பொதுநலன் கருதி இதை மத்திய அரசு தன் கட்டுப்பாட்டில் எடுக்கிறது என்று நாடாளுமன்றம் 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2ஆம் பிரிவிலேயே அறிவித்துவிட்டது. 2024 ஜூலை 25 தீர்ப்பை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். ஒன்பது நீதிபதிகளில் எட்டுப் பேர், ராயல்டி (கனிமம் எடுப்பதற்காகக் குத்தகைதாரர் தரும் தொகை) வரி அல்ல, கனிம உரிமைமீது வரி போட மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்றார்கள். தமிழ்நாட்டு வழக்கொன்றில் 1989இல் வந்த எதிர்த் தீர்ப்பு அதோடு போனது. ஆனால் அது வரி பற்றியது. ஏலத்தை யார் நடத்துவது என்ற கேள்விக்கு அதை அப்படியே தூக்கிக்கொண்டு போக முடியாது.

இரண்டாம் வழியில்தான் குடிமக்களுக்குப் பிடி அதிகம். 14ஆம் உறுப்பு, தன்னிச்சை. 21ஆம் உறுப்பு, உயிர் வாழும் உரிமை; குடிநீரும் சுத்தமான சூழலும் அதற்குள் வரும். வேலூர் மாவட்டத் தோல் தொழிற்சாலைக் கழிவு வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம், முன்னெச்சரிக்கைக் கோட்பாடும் மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கோட்பாடும் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்றது. 300ஏ உறுப்பு, சட்டத்தின் அதிகாரமின்றிச் சொத்தைப் பறிக்கத் தடை. இதோடு சேர்த்துப் படிக்க வேண்டியது 2013இல் மலபார் ஜன்ம நிலங்கள் பற்றி வந்த தீர்ப்பு. அடிமண் எல்லாம் அரசுக்கே என்று சொல்லும் பொதுச் சட்டம் எதுவும் இல்லை, சட்டப்படி பறிக்கப்படாத வரை நிலம் யாருடையதோ கனிமமும் அவருடையதே என்றது அது. உங்கள் நிலத்தின் பழைய பத்திரங்களில் கனிம உரிமை பற்றி என்ன இருக்கிறது என்று வக்கீலிடம் காட்டுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஆந்திரத்தில் பழங்குடிப் பகுதி அரசு நிலத்தைத் தனியார் நிறுவனத்துக்குச் சுரங்கக் குத்தகை விட முடியாது என்ற 1997ஆம் ஆண்டின் சமதா தீர்ப்பை மலைவாழ் மக்களுக்காக எடுத்து வருவார்கள். அருமையான தீர்ப்புதான். ஆனால் அது ஐந்தாவது அட்டவணைப் பகுதிகளுக்கானது, தமிழ்நாட்டில் அப்படி ஒரு பகுதிகூட அறிவிக்கப்படவில்லை. கல்வராயனிலும் ஜவ்வாது மலையிலும் உங்களுக்குக் கைகொடுப்பது 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம்.

ஆறாம் படி: மனு எழுதுவது

சட்டப் பிரிவு செல்லாது என்று அறிவிக்கக் கோரும் மனுவைச் சென்னை உயர் நீதிமன்றத்தில் டெக்லரேஷன் ரிட் என்பார்கள். கோரிக்கையை அடுக்கடுக்காக வையுங்கள். பிரிவு செல்லாது என்று முதலில் கேளுங்கள். அது கிடைக்காவிட்டால், மக்கள் கருத்தைக் கேட்ட பிறகே பயன்படுத்தலாம் என்று அதன் பொருளைச் சுருக்கிப் படிக்கச் சொல்லுங்கள். எதுவுமே கிடைக்காவிட்டாலும் உங்கள் ஊருக்கான அறிவிக்கையை ரத்து செய்யச் சொல்லுங்கள். ஒரே கோரிக்கையோடு போனவர்கள் வெறுங்கையோடு திரும்பும் ஆபத்து அதிகம்.

எதிர்மனுதாரர்களில் ஒருவரைக்கூட விடக்கூடாது. மத்திய அரசு, சுரங்க அமைச்சகச் செயலாளர் வழியாக. நிலக்கரி, பழுப்பு நிலக்கரி என்றால் நிலக்கரி அமைச்சகம். மாநில அரசின் இயற்கை வளங்கள் துறை, புவியியல் சுரங்கத் துறை ஆணையர், கலெக்டர். ஏலம் எடுத்த நிறுவனத்தையும் சேர்க்க வேண்டும். அவர்களைக் கேட்காமல் தீர்ப்பு சொன்னால் அதுவே பிறகு மேல்முறையீட்டுக்குக் காரணமாகும்.

மனு தாக்கலானதும் பதிவுத்துறை குறைகளைக் குறித்துத் திருப்பி அனுப்பும். பக்க எண் இல்லை, தமிழ் ஆவணத்துக்கு மொழிபெயர்ப்பு இல்லை, நகல் தெளிவில்லை என்று எதுவாகவும் இருக்கலாம். இதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ளாதீர்கள், எல்லோருக்கும் நடப்பதுதான். சரிசெய்து கொடுத்தால் எண் விழும்.

ஏழாம் படி: நீதிமன்றத்துக்குள்

சட்டத்தின் செல்லுபடியைத் தொடும் வழக்கு வழக்கமாக இரு நீதிபதிகள் அமர்வுக்குப் போகும். முதல் விசாரணையில் நோட்டீஸ் போடுவார்கள், மத்திய அரசு பதில் மனுவுக்கு அவகாசம் கேட்கும். இங்கே முக்கியமானது இடைக்கால உத்தரவு. சட்டத்துக்கே தடை கேட்டால் கிடைப்பது மிக அரிது. மாறாக, உங்கள் சர்வே எண்களில் ஆழ்துளையிடக் கூடாது, தற்போதைய நிலை தொடர வேண்டும் என்று குறுக்கிக் கேளுங்கள். அதுவும் மறுக்கப்பட்டால், இனி வழங்கும் எந்தக் குத்தகையும் இந்த வழக்கின் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டது என்ற ஒரு வரியையாவது பதிவு செய்ய வையுங்கள். முதலீடு போட்டுவிட்டோம், இனி நிறுத்தினால் நஷ்டம் என்று பின்னாளில் நிறுவனம் அழும்போது அந்த ஒரு வரி காப்பாற்றும்.

"இது கொள்கை முடிவு, நீதிமன்றம் தலையிடக் கூடாது" என்பது அரசின் நிரந்தரப் பதில். கொள்கை நல்லதா கெட்டதா என்ற விவாதத்துக்குள் இறங்காதீர்கள். டங்ஸ்டன் நாட்டுக்குத் தேவையா என்ற சண்டையில் நீங்கள் ஜெயிக்க முடியாது. அரசியலமைப்பு சொன்ன வழியில் அந்த முடிவை எடுத்தார்களா என்பதிலேயே நில்லுங்கள்.

எட்டாம் படி: தீர்ப்புக்குப் பிறகு

ஜெயித்தாலும் ஓய முடியாது. பனாமாவில் 2023 அக்டோபரில் செப்புச் சுரங்கத்துக்காக இயற்றிய 406ஆம் எண் சட்டத்தை, தெருவெல்லாம் மக்கள் திரண்டிருந்த நேரத்தில், நவம்பர் இறுதியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒருமனதாக ரத்து செய்தது, சுரங்கமும் மூடப்பட்டது. பிலிப்பைன்ஸில் நேர்மாறு. பிலான் பழங்குடி மக்கள் தொடுத்த வழக்கில் சுரங்கச் சட்டத்தின் முக்கியப் பகுதிகள் 2004 ஜனவரியில் விழுந்தன. அதே ஆண்டு டிசம்பரில் அதே நீதிமன்றம் மறுபரிசீலனையில் தன் தீர்ப்பையே மாற்றிக்கொண்டது. நம் நாட்டிலும் அரசு மேல்முறையீடு போகலாம், மறுசீராய்வு கேட்கலாம், நாடாளுமன்றம் குறையைச் சரிசெய்து புதுச் சட்டம் கொண்டுவரலாம். 2014இல் உச்ச நீதிமன்றம் 214 நிலக்கரித் தொகுதிகளின் ஒதுக்கீட்டை ரத்து செய்த அடுத்த மாதமே அவசரச் சட்டம் வந்தது.

ஆகவே தீர்ப்பு வந்த அன்றே சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பியுங்கள். நகலைக் கலெக்டர், சுரங்கத் துறை, ஊராட்சித் தலைவர் மூவருக்கும் பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். அதே வாரத்தில் உச்ச நீதிமன்றத்தில் கேவியட் மனு போட்டுவிடுங்கள். எதிர்த்தரப்பு மேல்முறையீடு செய்தால் உங்களைக் கேட்காமல் தடை உத்தரவு வாங்க முடியாதபடி அது பார்த்துக்கொள்ளும். கேவியட்டின் ஆயுள் 90 நாள், முடியும் முன் புதுப்பிக்க வேண்டும். அந்தத் தேதியை வக்கீல் குமாஸ்தா மட்டும் வைத்திருந்தால் போதாது, ஊரிலும் ஒருவர் குறித்து வைத்திருக்க வேண்டும்.